மணவறையில் இருபது வரை

குழந்தைகளுக்கு நியாயம் சொல்லிக் கொடுக்கும் ஆசை எனக்கு அறவே கிடையாது. அது என் கல்யாணத்தோடு தீர்ந்துபோனது.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம், திருச்செங்கோட்டு மண்டபத்தில், மறுநாள் நான் உட்கார வேண்டிய மணவறைப் பலகைக்காக என் அக்கா மகள்கள் இருவரும் அடித்துக்கொண்டார்கள். பெரியவள் மகிழுக்கு ஆறு வயது, சின்னவள் யாழுக்கு நாலு. பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (அதுதான் வினை.) தீர்ப்பு சொல்லி நல்ல பெயர் வாங்கக் கிளம்பினேன்.

"ஆளுக்கு ஒருக்கா உக்காரோணும். இருவது எண்ணுனா எந்திரிச்சு அடுத்தாளுக்கு உடோணும், சாமி."

"நீங்களும் எந்திரிப்பீங்களா மாமா?" என்றாள் யாழ்.

"நானுந்தான். சத்தியம்" என்று அவள் தலையிலேயே கை வைத்தேன்.

"மாப்பிள்ளைக்குப் பொறுமை சாஸ்திங்க" என்றார் மாமனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. ஐயர் தாலியைக் கையில் எடுத்தார். என் முதுகுக்குப் பின்னால் மகிழ், "பத்தொம்பது, இருவது" என்று எண்ணி முடித்தாள்.

"எந்திரிங்க மாமா. இப்ப நானு" என்றாள் யாழ்.

"அப்பறம் சாமி" என்றேன். அவள் மணவறையிலேயே படுத்து உருண்டாள். அக்கா வந்து இழுக்க, அவள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். (வேட்டி புதுசு, கட்டு லூசு.) முகூர்த்தம் போவதா, வேட்டி போவதா என்றாகிவிட்டது.

அதுவரை என்னிடம் முழுசாக நாலு வார்த்தை பேசியிராத மணப்பெண் கவிதா, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "சத்தியம் பண்ணிப்போட்டீங்கல்லங்க. எந்திரிச்சிருங்க."

எழுந்தேன். மாலையும் கழுத்துமாக, பஸ்ஸைத் தவறவிட்டவன் போல ஓரமாக நின்றேன். யாழ் கவிதா பக்கத்தில் சம்மணம் போட்டு எண்ணினாள். பன்னிரண்டு வரைதான் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் மறுபடி ஒன்று.

"நேரம் போகுதுங்க" என்றார் ஐயர், கடிகாரத்தைப் பார்த்து. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

கவிதாதான் காதோடு "பதிமூணு, பதினாலு" என்று எடுத்துக்கொடுத்து அவளைக் கரை சேர்த்தாள். அந்த நிமிடமே கவிதாவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. யாழ் இறங்கியதும் மகிழ் ஏறி உட்கார்ந்தாள். (சட்டம் போட்டவன் நான்தானே.) கடைசி நிமிடத்தில் தாலி கட்டினேன்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தப் பையன் மணவறை ஏறினாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மாப்ளே, ஆருக்காச்சும் சத்தியம் பண்ணியிருக்கறீங்களா?"

கவிதா கேட்பதில்லை. டிவி ரிமோட் என் கையில் இருந்தால், பக்கத்தில் வந்து உட்கார்ந்து நிதானமாக எண்ண ஆரம்பிப்பாள். அவளுக்கு இருபது வரை நன்றாகவே தெரியும்.