அரிப்பு நின்றதும் டாக்டராகிவிடுபவர்

வளைகுடா நாடுகளில் டாக்டர்கள் இரண்டு வகை. ஒருவர் அதற்காகப் படித்தவர். இன்னொருவருக்கு ஒருமுறை படர்தாமரை வந்து போயிருக்கும். இந்த இரண்டாம் வகையைத்தான் உங்களுக்கு அறிமுகம் செய்யப் போகிறேன். தேடி அலைய வேண்டாம். உங்கள் ரூமிலேயே இருப்பார்.

எனக்குத் தெரிந்தவர் மாயாண்டி. மதுரைக்காரர், புஜைராவில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் சூப்பர்வைசர். கொதிக்கிற வெயிலில் கனத்த யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வியர்வையில் ஊறினால் தொடையிடுக்கில் என்ன வருமோ, அது அவருக்கும் வந்தது. ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். தோல் டாக்டரிடம் போனார். அவரும் இரத்தம் எடுத்து, ஈரல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, வேறு ஏதும் மருந்து சாப்பிடுகிறாரா என்று விசாரித்து, பூஞ்சைக்கான கேப்சூலை எழுதிக் கொடுத்து, "அரிப்பு நின்னாலும் நிறுத்திடாதீங்க" என்று சொல்லியும் அனுப்பினார்.

அரிப்பு நின்றது. மாயாண்டி நிறுத்தினார்.

பசி அடங்கியவன் எதற்கு மேலும் சாப்பிட வேண்டும் என்பது அவர் வாதம். பூஞ்சைக்கு இந்த வாதம் தெரியாது. அது போகட்டும், அட்டையில் கேப்சூல் மிச்சம் இருக்கிறதே, தூக்கிப் போட மனம் வருமா? மிச்ச மருந்து கையில் இருப்பவருக்கு ஊரில் எல்லோருமே நோயாளியாகத்தான் தெரிவார்கள்.

சிக்கியவர் யோகநாதன். பக்கத்துக் கட்டில்காரர், யாழ்ப்பாணத்தவர், அதே கிடங்கில் ஸ்டோர் கீப்பர், ஐம்பதைத் தாண்டியவர், கொலஸ்ட்ராலுக்குத் தினமும் மாத்திரை போடுபவர். பாவம், மாயாண்டியின் கண் முன்னால் இடுப்பைச் சொறிந்துவிட்டார்.

"அண்ணே, இதப் போடுங்க. எனக்குக் கப்புனு அடங்கிருச்சு."

"டொக்டரிட்ட ஒருக்காக் காட்டிப்போட்டுக் குடிப்பமே, தம்பி?"

"இதுக்குப் போயி யாராச்சும் லீவு போடுவாங்களாண்ணே? டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துதானே!"

உண்மைதான். யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பது மட்டும் விட்டுப்போனது.

கேப்சூலை விழுங்க ஆரம்பித்த கொஞ்ச நாளில் யோகநாதனுக்குத் தொடை வலித்தது. பிறகு தோள். பிறகு படியேறவே முடியவில்லை. டியூட்டி ஜாஸ்தி என்றார் மாயாண்டி. ஒரு காலையில் சிறுநீர் பால் கலக்காத சுலைமானி டீ நிறத்தில் போனது. அதற்கு மாயாண்டியிடம் மிச்ச மருந்து இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் நளினி கேட்டார்: "கொலஸ்ட்ரால் மாத்திரை தவிர வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?"

"இல்லை டொக்டர்."

பொய் சொல்லவில்லை. அரிப்புக்குச் சாப்பிடுவதை யாராவது மருந்து என்பார்களா?

தசை சிதைகிறது, சிறுநீரகம் கெட்டுவிடலாம், காரணம் பிடிபடவில்லை என்றார் டாக்டர். புரண்டு படுக்கவும் முடியாமல் கிடந்த யோகநாதன் மாயாண்டியின் கையைப் பிடித்து, "என்ர மகளுக்கு இப்ப சொல்லிப்போடாதை தம்பி, பிள்ளை சோதினை எழுதுறாள்" என்றார்.

மாயாண்டி சட்டைப்பையிலிருந்து கேப்சூலின் காலி அட்டையை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

"நாந்தான் டாக்டர் குடுத்தேன்."

நளினி பெயரைப் படித்தார். "இவர் போடற கொலஸ்ட்ரால் மாத்திரையோட இது சேரவே கூடாது. அந்த மாத்திரையை உடம்பை விட்டு வெளியேற விடாது. அது ஏறி ஏறித் தசையை உடைச்சிருக்கு. இப்பவாவது சொன்னீங்களே! ரெண்டையும் உடனே நிறுத்தணும்."

நிறுத்தினார்கள். சலைன் ஏற்றினார்கள். யோகநாதன் பிழைத்தார், படியேற மட்டும் வெகுகாலம் கைப்பிடி தேவைப்பட்டது. அவருக்கு வந்திருந்தது படர்தாமரையே இல்லையாம். புது பெல்ட் ஒத்துக்கொள்ளாமல் வந்த தடிப்பாம்.

மாயாண்டிக்கோ பழைய படர்தாமரை முன்னைவிட அகலமாகத் திரும்பி வந்தது. இம்முறை டாக்டர் போதும் என்று சொல்லும்வரை மருந்து சாப்பிட்டார். இப்போதெல்லாம் அவர் யாருக்கும் மாத்திரை கொடுப்பதில்லை. யோசனை மட்டும்தான் கொடுக்கிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்கள் ஃபிரிட்ஜ் மேலிருக்கும் பிஸ்கட் டின்னை, வீட்டில் யாரும் பார்க்காதபோது, ஒருமுறை திறந்து பாருங்கள். பாதி தீர்ந்த அந்த அட்டைகளெல்லாம் யார் வந்து சொறிவார்கள் என்று காத்திருக்கின்றன?