சிவப்புத் துணி கட்டிய செடிகள்

வேலை செய்யும் இடத்துப் புத்தியை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது. (என் மாமனாருக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது.)

இரண்டாயிரங்களின் நடுவில், ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நான் தரம் பார்ப்பவன். சிவப்புச் சீட்டு தொங்கும் பாகம் கழிவு, எடுத்து வீச வேண்டும். உலகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கல்யாணமான மூன்றாம் மாதம் சூளகிரிப் பக்கம் மாமனார் ஊருக்குப் போனோம். அந்தப் பக்கத்திலேயே முதல் ஆளாக அவர் விதையில்லாத் தர்பூசணி போட்டிருந்தார். ஊரே சிரித்ததாம். காய்த்துக் காட்டினால்தான் அவர் தலை நிமிர முடியும்.

நான் வயலுக்குப் போனபோது அவர் சொட்டுநீர்க் குழாய் வாங்க ஓசூர் போயிருந்தார். கொடிகளில் பூ வந்திருந்தது. நாலு வரிசைக்கு ஒரு வரிசை, குச்சியில் சிவப்புத் துணி.

களை எடுத்துக்கொண்டிருந்த முனியம்மாக்காவிடம் கேட்டேன்.

“அது விதை வர்ற செடிங்க. அடையாளத்துக்கு அய்யா கட்டச் சொன்னாரு.”

விதையில்லா வயலில் விதை வரும் செடியா? கலப்படம்! பிடுங்க அவருக்கு நேரமில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

“எல்லாத்தயும் புடுங்கிருங்க.”

“புடுங்கவாங்க?”

“ஒண்ணு விடாம.”

வீட்டு மாப்பிள்ளையிடம் மறுகேள்வி கேட்பது அங்கே வழக்கமில்லை. (நாசமாய்ப் போன மரியாதை!) நானும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன்.

சாயங்காலம் மாமனார் வந்தார். வரப்பில் கிடந்த குவியலைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

“அது வந்துங்க மாப்ள, சாதாரணச் செடிக்கு குரோமோசோம் இருவத்திரண்டு. இதுக்கு முப்பத்தி மூணாம். மூணு மூணா நிக்கறதால ஜோடி சேராது, விதை கட்டாது. அதோட மகரந்தமும் ஒதவாது. விதை வர்ற செடியோட மகரந்தத்தை தேனீ கொண்டாந்து போட்டாத்தான் காய் நிக்கும்னு நாத்து குடுத்தவரு சொன்னாரு” என்றவர், “காபி சாப்பிடறீங்களா?” என்றார்.

பூவெல்லாம் உதிர்ந்தது. பிஞ்சுகள் மஞ்சளாகிச் சுருண்டன. ஊர் மறுபடியும் சிரித்தது. என்னாச்சு என்று கேட்டவர்களிடம் அவர் என்னைக் காட்டிக் கொடுக்காமல், “பூச்சி விழுந்துருச்சு” என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் பூச்சி. போன வாரம்கூட, அவர் வயலில் மறுபடி தர்பூசணி பூத்திருக்கும் நேரத்தில், மனைவி போனில், “அப்பா, பூச்சியும் நானும் ஞாயித்துக்கிழம வர்றோம்” என்றாள்.

அவர் பதில் எனக்கே கேட்டது.

“வாங்கம்மா. ஆனா காய் நின்னப்பறம் வாங்க.”