ஜனங்க கேக்குறாங்க

என் தங்கை ஜான்சி, கணக்கில் இரண்டு முறை தவறிய பத்தாம் வகுப்பை மூன்றாம் முறை வென்றாள். "பொம்பளப் புள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?" என்ற பெரியப்பாவை வென்றாள். சிதம்பரத்துக் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் ஆண்களே உட்கார்ந்து பழகிய எடிட்டிங் நாற்காலியை வென்றாள். மிச்சமிருந்தது ஒரே ஓர் இனம். உங்களுக்கும் தெரிந்த இனம்தான்: 'ஜனங்க கேக்குறாங்க' இனம்.

இந்த இனத்தார் தமக்கென்று எதுவும் கேட்பதில்லை. நெற்றியில் பட்டை, வீட்டுப் பெண்கள் நைட்டிமேல் துண்டு போடாமல் வாசலுக்கு வந்தால் முகச்சுளிப்பு, ஆனால் பாட்டு வீடியோ என்று வந்துவிட்டால் மழை வேண்டும், மழை இல்லாவிட்டால் குழாயாவது வேண்டும், நாற்று நட வந்தவளுக்கும் ஜாக்கெட் முதுகில் கயிறு வேண்டும், எல்லாம் ஜனங்களுக்காக. என்ன தியாகம்!

கடலூரில் லோக்கல் சேனல் நடத்திய சிங்காரம் அண்ணன் இவர்களில் தலைசிறந்தவர். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓர் ஆல்பம் பாட்டு எடுத்து, ஜான்சியிடம் எடிட்டிங்குக்குக் கொடுத்தார். ஆடியவள் சுவேதா. அண்ணன் சொன்னபடி வெட்டியதில், நாலு நிமிடம் பத்து விநாடிப் பாட்டில் அவள் முகம் பதினோரு விநாடி. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மீதி இடுப்பு.

வெட்டிய பாட்டைப் பார்க்க வந்த சுவேதாவின் அம்மா கடைசிவரை காத்திருந்து கேட்டார்: "எம் பொண்ணு எப்பம்மா வருவா?"

ஜான்சி முகம் தெரியும்படி மாற்றி வெட்டினாள்.

"என்னம்மா, இது பாஸ்போர்ட் போட்டோவா?" என்றார் அண்ணன். "இடுப்பப் போடு. இல்லன்னா டைட்டில்ல உம் பேரு வராது."

"யாருண்ணே இடுப்பு கேட்டாங்க?"

"ஜனங்கம்மா!"

"அப்ப போன் நோட்டக் குடுங்க."

நேயர்கள் போனில் கேட்கும் பாட்டுகளைச் சேனல் ஆபரேட்டர் கதிர்வேல் எழுதிவைக்கும் நோட்டு அது. ஆறு மாதத்தையும் புரட்டினாள். பிறந்தநாள் வாழ்த்து, பக்திப் பாட்டு, திருப்பாதிரிப்புலியூர் மச்சானுக்குச் சோகப் பாட்டு. 'குளிக்கிற பாட்டு' கேட்டவர் ஒரே ஒருவர். பதினேழு முறை. பெயர் எழுதும் இடத்தில், எதையும் மறைக்கத் தெரியாத கதிர்வேல் எழுதியிருந்தார்: ஓனர்.

அண்ணன் நோட்டை மூடினார். "சரி, உன் இஷ்டம். ஓடலன்னா என்னக் கேக்காத."

அந்த ஜனங்களைத் தேடி நீங்கள் கடலூருக்கு வரவேண்டாம். அருவிப் பாட்டு வந்ததும் "கருமம், கருமம்" என்று சொல்லி, அது முடிந்த பிறகே சேனலை மாற்றும் கை யாருடையது? குனிந்து பாருங்கள். ரிமோட் அங்கேதான் இருக்கும்.

பாட்டு முகத்தோடுதான் வந்தது. முடிவில் 'எடிட்டிங்' என்பதன் கீழே ஜான்சியின் கையெழுத்து, அவளே போட்டது. திரையில் முதல் கையெழுத்து: 2008 ஜனவரி 15, செவ்வாய்க்கிழமை.