குழந்தைகள், இரண்டு எண்ணம்

குழந்தை இரட்டையாகப் பிறந்தால் தொட்டில் இரண்டு வாங்கலாம், கிலுகிலுப்பை இரண்டு வாங்கலாம். ஸ்ட்ரோலர் மட்டும் ஒன்றுதான் வாங்க முடியும். தள்ளுவதற்கு அம்மா ஒருத்திதான் இருக்கிறாள்.

துடியலூரில் தொண்ணூற்றாறு வீடுகள் கொண்ட அடுக்ககம் ஒன்றில் ஏழாவது மாடியில் குடியிருந்த கிருபா இந்த முடிவுக்கு வர ஒன்பது மாதம் ஆயிற்று. யஷ்வந்துக்கும் ஹர்ஷிணிக்கும் வயது அதேதான். ஒருவனை இடுப்பில் வைத்தால் இன்னொருத்தி தரையில் அழுவாள். இருவரையும் தூக்கிக்கொண்டால் கதவைப் பூட்டக் கை இருக்காது. கணவன் தீபக்குக்கு பம்ப் கம்பெனியில் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். கீழே பூங்காவில் ஒரு வேப்பமரமும் அதனடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சும் இருந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்கு, யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், குழந்தைகளோடு அந்த பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். கிருபாவின் ஆசை அவ்வளவுதான். ஒன்பது மாதமாக அந்த பெஞ்சை பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீபக் ஆராய்ச்சியில் இறங்கினான். மூன்று வாரம் வீடியோ பார்த்தான். கார் வாங்கும்போதுகூட அவன் சஸ்பென்ஷனைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் கடைக்குப் போனார்கள்.

"இதுதாங்க சார் இப்போ ட்ரெண்டு. ஆர்.எஸ்.புரத்துல எல்லாரும் இதுதான் வாங்கறாங்க," என்றார் விற்பனையாளர். "அம்மாவுக்குக் காபி வைக்க இடம் இருக்குது. போன் சார்ஜ் போட்டுக்கலாம். கைப்பிடி நிஜத் தோலுங்க."

"குழந்தைகளுக்கு என்னுங்க இருக்குது?" என்று கிருபா கேட்டாள்.

அவர் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "உக்கார எடம் இருக்குதுங்க," என்றார்.

அதில் இரண்டு வகை. ஒன்றில் குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இன்னொன்றில் ஒன்றன்பின் ஒன்றாக உட்காரலாம்.

"பின்னால உக்கார்ற குழந்தைக்கு என்னுங்க தெரியும்?"

"முன்னால இருக்கற குழந்தையோட சீட்டு நல்லாத் தெரியுமுங்க."

கிருபா வீட்டிலிருந்தே அளவு எடுத்து வந்திருந்தாள். அடுக்ககத்தின் லிஃப்ட் கதவு எழுபது சென்டிமீட்டர். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டி எழுபத்தாறு. ஒன்றன்பின் ஒன்றாக உட்காரும் வண்டி அகலத்தில் நுழையும். ஆனால் நீளத்தில் பாதிக் கைப்பிடி வெளியே நிற்கும், கதவு மூடாது. லிஃப்டுக்குப் பொருந்துகிற மாதிரி இரட்டைக் குழந்தைகளைச் சுமக்கும் வண்டியை உலகத்தில் யாரும் செய்யவில்லை.

ஆனால் அடுக்ககத்தில் இன்னொரு லிஃப்ட் இருந்தது. சர்வீஸ் லிஃப்ட். கட்டிலையே நிற்கவைத்து ஏற்றலாம். அதை நம்பி, இருவருக்கும் சமமாக உலகம் தெரியட்டும் என்று பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டியையே கிருபா வாங்கிவிட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு வண்டியோடு சர்வீஸ் லிஃப்ட் முன்னால் நின்றபோதுதான் அதன்மேல் இருந்த பலகையை முதல்முறையாகப் படித்தாள். "சரக்குகளும் பதிவு பெற்ற செல்லப்பிராணிகளும் மட்டும். இதர மனிதர்களுக்கு அனுமதி இல்லை. சங்கத்தின் உத்தரவுப்படி."

சங்கத்தின் செயலாளர் ஈஸ்வரமூர்த்தி. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகம் ஒன்றில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். எந்த அலுவலகம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அங்கே மனு கொடுத்தவர்கள் இன்னும் காத்திருப்பதாகப் பேச்சு.

"வாங்கம்மணி, உக்காருங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மறுப்பதில் அவரைப்போல மரியாதையான மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கிடையாது. "குழந்தைங்க சரக்கா?"

"இல்லீங்க."

"செல்லப்பிராணியா?"

"இல்லீங்க."

"அப்போ எந்தப் பிரிவுல அனுமதி குடுக்கறதுங்க, நீங்களே சொல்லுங்க." உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு முகம் தெளிந்தது. "மருத்துவக் காரணம்னா விதிவிலக்கு இருக்குதுங்க. நடக்க முடியாதவங்கன்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

குழந்தை டாக்டர் கிருபாவை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்: "மேற்படி இரு குழந்தைகளுக்கும் ஒன்பது மாதம் ஆகிறது. இருவராலும் நடக்க இயலாது. இந்த வயதில் இது இயல்பு."

ஈஸ்வரமூர்த்தி அதை இரண்டு முறை படித்தார். "கடைசி வரியில கெட்டுப்போச்சே அம்மணி. இயல்புன்னு எழுதியிருக்காருங்களே. இயல்பா இருக்கறவங்களுக்குச் சலுகை தர விதியில எடமில்லீங்க."

"நாளைக்கே நடக்கச் சொல்லட்டுங்களா?"

"நடந்துட்டா விண்ணப்பமே தேவையில்லீங்களே," என்றார் அவர், மிகுந்த அன்போடு.

கிருபா சரக்குப் பிரிவில் முயன்று பார்த்தாள். வாசல் காவலர் ரசாக் இளகிய மனசுக்காரர். பொருள் வெளியேற்றும் சீட்டை எடுத்து அவரே எழுதினார். பொருள்: குழந்தைகள். அளவு: இரண்டு எண்ணம். திருப்பிக் கொண்டுவரப்படுமா? "கொண்டாந்துருவீங்கல்லம்மா?" என்று கேட்டு, ஆம் என்று குறித்தார். அன்று கிருபா பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார்ந்தாள். திரும்பும்போது ரசாக் தலையைச் சொறிந்தார். "உள்ள வர்ற பொருளுக்கு பில் வாங்கச் சொல்லியிருக்காங்கம்மா." கிருபா போனில் இருந்த பிறப்புச் சான்றிதழ்களைக் காட்டினாள். ரசாக் எண்களைக் குறித்துக்கொண்டு உள்ளே விட்டார்.

மறுநாள் காலை சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே பொருளை வெளியே கொண்டுபோய் அன்றே உள்ளே கொண்டுவருவது வியாபாரத்துக்கு ஒப்பானது, வளாகத்துக்குள் வியாபாரம் தடைசெய்யப்பட்டுள்ளது, இனி இவ்வாறு நிகழாவண்ணம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றபோது சர்வீஸ் லிஃப்ட் திறந்தது. ஐந்தாவது மாடி பூஜிதா தெரிந்தவர் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் தள்ளி வந்த ஸ்ட்ரோலரில் பட்டுமெத்தைமேல் நாய்க்குட்டி ஒன்று படுத்திருந்தது. வண்டியில் காபி வைக்க இடம் இருந்தது.

"இவனுக்குக் கால்ல ஏதாச்சும் அடியா?" என்று கிருபா கேட்டாள்.

"அதெல்லாம் இல்லக்கா, நல்லா ஓடுவான். இப்பெல்லாம் யாரும் நடக்க விடறதில்லீங்க்கா," என்றாள் பூஜிதா. "லிஃப்டா? ஒரே பக்க ஃபார்ம்தான். சாயங்காலம் குடுத்தேன், காலையில அனுமதி வந்துருச்சு."

அன்று மதியம் குழந்தைகள் தூங்கியதும் கிருபா செல்லப்பிராணிப் பதிவுப் படிவத்தை எடுத்துவைத்து உட்கார்ந்தாள். பெயர், யஷ்வந்த், ஹர்ஷிணி. வயது, ஒன்பது மாதம். இனம், நாட்டு. தடுப்பூசி போடப்பட்டுள்ளதா? வயதுக்கு உரியவை அனைத்தும். இரவில் சத்தம் போடுமா? மாறி மாறி. கடிக்குமா? தற்போது பற்கள் இரண்டே. எழுதும்போது சிரிப்பு வந்தது. கையெழுத்துப் போடும்போது கண்ணில் தண்ணீரும் வந்தது.

ஈஸ்வரமூர்த்தி படிவத்தை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். கிருபா தயாராக நின்றாள். அவர் ஏதாவது சொல்லட்டும், இத்தனை நாளும் சேர்த்துவைத்ததை எல்லாம் கொட்டிவிடலாம் என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு கட்டங்கூட விடலீங்க அம்மணி. என்ற சர்வீஸ்லயே இப்படி ஒரு விண்ணப்பத்தைப் பார்த்ததில்லீங்க."

முத்திரை குத்தினார். பதினான்கு, பதினைந்து என்று எண் பொறித்த இரண்டு அலுமினிய வில்லைகளைக் கொடுத்தார். அழைத்துப்போகிறவர் என்ற முறையில் கிருபாவும் கூடவே போகலாம்.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு அவள் பெஞ்சில் இருந்தாள். ஹர்ஷிணி வேப்பிலையைப் பார்த்துக் கை நீட்டுவாள். யஷ்வந்த் அவள் கையைப் பார்த்துக் கை நீட்டுவான். காபி வைக்கும் இடத்தில் கிருபா நிஜமாகவே காபி வைத்துக் குடித்தாள்.

கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மூன்றாம் மாதம் மனிதர்களுக்கான லிஃப்ட் பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டதால் அது சரியாகவில்லை. ஒன்பதாவது மாடியில் குடியிருந்த மோகன்குமார் மூட்டுவலியோடு ஒரு வாரம் படி ஏறினார். எட்டாம் நாள் அவரும் ஒரு படிவம் வாங்கினார். இனம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, "சாது" என்று எழுதினார். அடுத்த நாள் பதினோரு பேர் வந்தார்கள். மாதம் முடிவதற்குள் வில்லை தீர்ந்து இன்னொரு நூறு அடித்தார்கள். பூஜிதா தன் வில்லைக்குத் தங்க முலாம் பூசிச் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள். அது அழகாக இருக்கவே மற்றவர்களும் கேட்டு வாங்கினார்கள். எத்தனையாம் எண் என்று ஒருவரை ஒருவர் விசாரிப்பது வழக்கமாயிற்று. இருபதுக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தனி மதிப்பு.

ஆண்டுப் பொதுக்குழு வந்தது. இந்த முறை ஈஸ்வரமூர்த்தியை மாற்றியே தீருவது என்று எல்லா வீட்டாரும் முடிவு செய்திருந்தார்கள். எதிர்த்து நின்றவர் மோகன்குமார். "மனுசனை மனுசனா நடத்தோணும். நான் வந்தா மொத வேலையா அந்தச் செல்லப்பிராணிப் பதிவேட்டைக் கிழிச்சுப்போட்டுத்தான் மறுவேலைங்க," என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஈஸ்வரமூர்த்தி எழுந்து கும்பிட்டார். "நல்லாப் பேசுனீங்க. ஆனா விதி பன்னெண்டுல ஒண்ணு இருக்குதுங்க. பதிவு பெற்ற செல்லப்பிராணிங்க கூட்டத்துக்கு வரலாம். ஓட்டுப் போட முடியாதுங்க. வேட்பாளராவும் நிக்க முடியாதுங்க."

ஒவ்வொருவரும் கழுத்தில் தொங்கியதைப் பிடித்துப் பார்த்தார்கள். இருந்தாலும் ஜனநாயகத்தை மதித்து மோகன்குமாரின் பெயரை மட்டும் விட்டுவைப்பதாக ஈஸ்வரமூர்த்தி பெருந்தன்மையோடு அறிவித்தார். எண்ணிப் பார்த்ததில் வில்லை இல்லாதவர்கள் நான்கு பேர். தரைத்தளத்தில் குடியிருக்கும் ஈஸ்வரமூர்த்தி. அவர் மனைவி கீதா. லிஃப்ட் தேவைப்படாத இன்னொரு தரைத்தளத்துக்காரர் லட்சுமணசாமி. பிறகு, அழைத்துப்போகிறவராக மட்டுமே பதிவாகியிருந்த கிருபா.

மோகன்குமாருக்கு ஆதரவாக லட்சுமணசாமி உடனே கை தூக்கினார். ஆச்சரியமாக கீதாவும் தூக்கினார். அவருக்கு வீட்டில் என்ன குறையோ. ஈஸ்வரமூர்த்தி தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொண்டார். மிச்சம் ஒரு ஓட்டு. அது மோகன்குமாருக்குப் போனால் அவர் ஜெயிப்பார். மறுபக்கம் போனால் சமம். சமமானால் இருப்பவரே தொடர்வார்.

தொண்ணூறு பேரும் கிருபாவைப் பார்த்தார்கள். இந்தப் போராட்டத்தைத் தொடங்கியவளே அவள்தான்.

பதிவேட்டைக் கிழித்தால் பலகையில் மிச்சம் இருக்கப்போவது சரக்கு மட்டும். மனிதர்களுக்கான லிஃப்ட் எப்போது சரியாகும் என்று துணைக்குழுவுக்கே தெரியாது. சரியானாலும் அதன் கதவு எழுபது சென்டிமீட்டர்தான். பக்கத்தில் ஸ்ட்ரோலரில் பதினான்கும் பதினைந்தும் ஒன்றின் விரலை ஒன்று சப்பிக்கொண்டிருந்தன. மணி நாலே முக்கால் ஆகியிருந்தது.

கிருபா தலையைக் குனிந்துகொண்டு ஈஸ்வரமூர்த்திக்காகக் கை தூக்கினாள்.