பின்னறையில் ஒரு பகல் தூக்கம்

இனி என் பகல் தூக்கத்தை எவராலும் கெடுக்க முடியாது என்று சபதம் போட்டேன்.

நைட் ஷிப்ட் முடிந்து மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டுக்கு வந்து படுத்தால், மார்கழிக் குளிர் நடுங்க வைக்கும். என் மகள் ஹரிணி தட்டில் அடிக்கிற மேளம் துள்ள வைக்கும். நடுங்கிக்கொண்டே துள்ள எத்தனை நாள் முடியும்?

நான் குளிர் அறைக்குச் சுவர் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறவன். கழித்துப் போட்ட தெர்மாகோல் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். பின்னறைச் சுவர், கதவு, மேலே சிமெண்ட் ஷீட் கூரை, எதிலும் ஓர் அங்குலம் விடாமல் ஒட்டினேன்.

மனைவி ஜோதிமணி வந்து எட்டிப் பார்த்தாள். அவள் கவலை வேறு. அக்கம்பக்கத்துக்கு இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். ஓசூர்க் குளிரில் மாவு பொங்க மாட்டேன் என்கிறது. "உன் இட்லியை வெச்சு ஆணி அடிக்கலாம் ஜோதி. இன்னொரு தடவை இப்படின்னா கடை மாவுதான்" என்று பக்கத்து வீட்டு சாந்தம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"ஏங்க, இது சூடு குடுக்குமா?"

"ஐ.டி.ஐ. படிச்சவன் சொல்றேன், கேளு. இன்சுலேஷன் சூடு குடுக்காது. உள்ள இருக்கிற சூட்டை வெளிய விடாது, அவ்வளவுதான்."

"அப்ப உள்ள சூடு எங்கிருந்து வரும்?"

"என் உடம்புல இருந்துதான்! ஒரு ஆளு படுத்திருந்தா ஒரு குண்டு பல்பு எரியற மாதிரி."

"நீங்க எழுந்து போயிட்டா?"

"ஆறிப்போயிடும்."

"கதவைத் திறந்து திறந்து மூடினா?"

"அதுவும் போச்சு!"

"எவ்ளோ விவரங்க உங்களுக்கு!"

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் உஷாராகி இருக்க வேண்டும்.

மறுநாள் காலை படுத்தேன். அவளே போர்த்திவிட்டாள். மேளத் தட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்தாள். சொர்க்கம்!

மூன்று மணிக்கு விழித்தேன். வேர்த்துக் கொட்டியது. புளிப்பு வாசனை. காலை நீட்டினால் 'ணங்'. தலைமாட்டில் மூன்று குண்டான், கால்மாட்டில் நாலு, இடுப்போரம் ஒரு தூக்குப்போசி. மாவெல்லாம் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது.

தாண்டிக் குதித்துப் போய்க் கதவைத் திறந்தேன். வெளியே ஜோதிமணி, பக்கத்தில் கையில் கிண்ணத்தோடு சாந்தம்மா.

"மூடுங்க, மூடுங்க! சூடு போகுது!" இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஜோதி, என்னடி இது?"

"சாந்தக்கா குண்டான் மட்டும் இன்னும் பொங்கலைங்க. கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்பிப் படுங்க."

திரும்பிப் படுத்தேன்.