இருபது ஒளியாண்டுத் தூரத்தில் ஒரு வீடு

என் பெயரோடு முதற்பக்கத்தில் செய்தி வந்தது ஒரே ஒரு தடவை. அதற்கு நான் கொடுத்த விலை ஒரு கல்யாணம்.

2007ஆம் ஆண்டு. சுனாமி வந்து இரண்டரை வருடமாகவில்லை. கல்முனையிலிருந்து கொழும்புப் பத்திரிகையொன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். (செய்தியாளர் அட்டை இருந்தது. சோதனைச் சாவடியில் அதைக் காட்டினால் கூடுதலாகப் பத்து நிமிடம் நிற்க வைப்பார்கள்.) மருதமுனையில் ஹஸீனாவை எனக்குப் பேசியிருந்தார்கள். எங்கள் ஊர்களில் பெண் வீட்டார்தான் வீடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான். ஹஸீனாவுக்கென்று கட்டிய வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவளுடைய வாப்பா காசிம் மாமா, படகு எஞ்சின் திருத்துபவர், குடும்பத்தோடு முகாமில் தகரக் கொட்டிலில் இருந்தார். புதிய வீடுகள் கட்டி முடிந்து பூட்டிக் கிடந்தன. பட்டியலில் மாமாவின் பெயரும் இன்னும் பத்துப் பதினைந்து குடும்பங்களின் பெயர்களும் விடுபட்டிருந்தன.

"மருமகன், வியாழக்கிழம பெரிய அதிகாரி வந்து லிஸ்ட்ல கையெழுத்து வைக்கப் போறாராம்," என்றார் மாமா. "அண்டைக்குக் காலையில இது பேப்பர்ல வந்திரிக்கணும். வந்தா அவருக்கு மறுக்கேலா."

எழுதி அனுப்பினேன். ஓட்டையில்லாத செய்தி.

புதன்கிழமை ஆசிரியர் தொலைபேசியில் வந்தார். இருபது ஒளியாண்டுத் தூரத்தில் ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறதாம். பூமி மாதிரியாம்.

"நீர் பௌதிகம் படிச்ச ஆள்தானே. ஒரு மணித்தியாலத்தில எழுதித் தாரும். முதற்பக்கம். பெயரோட."

"முகாம் செய்தி?"

"உம்மட ரெண்டையும் ஒரே நாளில போடேலாது. எதைப் போட?"

கேட்டது என்னிடம். இதை இத்தனை வருடமாக யாருக்கும் சொன்னதில்லை. "கிரகத்தப் போடுங்க," என்றேன்.

வியாழக்கிழமை மாமா பதினைந்து பத்திரிகைக்குச் சொல்லிவைத்திருந்தார். செய்தி மாறியதைச் சொல்லாமல் நானும் பக்கத்தில் நின்றேன். பஸ் சாவடியில் மறிபட்டதால் பத்திரிகைக் கட்டும் அதிகாரியின் ஜீப்பும் ஒன்றாகவே முகாமுக்கு வந்தன. மாமா கட்டை அவிழ்த்தார். முதற்பிரதியைப் பிரித்தும் பார்க்காமல் இரண்டு கையாலும் நீட்டினார்.

"எங்கட பிரச்சின முழுக்க இதில இரிக்கி சேர். எங்கட மருமகன்தான் எழுதின."

அதிகாரி உரக்க வாசித்தார்: "மனிதர் குடியேறத்தக்க புதிய கிரகம்." பிறகு நிமிர்ந்து, "அப்ப உங்களுக்கு இடம் கிடைச்சிட்டுது," என்றார்.

பின்னாலிருந்து ஆமினா ராத்தா கேட்டாள்: "அங்க கடல் இரிக்கா தம்பி?"

நான் (கேட்டால் விளக்காமல் விடுவேனா) விளக்கினேன். "இரிக்கலாம் எண்டுதான் சொல்றாங்க ராத்தா. அங்க பதின்மூண்டு நாள்தான் ஒரு வருசம்."

"கடலா? அப்ப அதுவும் வேணாம்."

முகாமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே பழைய பட்டியலில் கையெழுத்தையும் வைத்தார். மாமா மட்டும் மிச்சப் பத்திரிகைகளை அடுக்கி, அவிழ்த்த கயிற்றாலேயே கட்டினார்.

"ஆரு இதப் போடச் சொன்ன?"

"பேப்பர்காரங்க மாத்திட்டாங்க மாமா."

அவர் தலையாட்டினார்.

முகாம் செய்தி ஞாயிற்றுக்கிழமை உட்பக்கத்தில், தேயிலை விளம்பரத்துக்குக் கீழே வந்தது. அந்தக் கிரகம் அளவுக்கு மீறிச் சூடானது, குடியிருக்க உதவாது என்று பிறகு சொன்னார்கள். அதையும் நானே எழுதினேன். இரண்டு வரி வந்தது.

வீடில்லாமல் கல்யாணமில்லை. எங்கள் வீட்டில் ஒரு வருடம் பொறுத்தார்கள், பிறகு பேச்சை முறித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஹஸீனாவை அக்கரைப்பற்றில் ஒருவர் கல்யாணம் முடித்தார். அலையில் மனைவியை இழந்தவர். சொந்த வீடு இருந்தது. பெண், மாப்பிள்ளை வீட்டில் போய் இருக்கிறாள் என்று ஊர் கொஞ்ச காலம் கதைத்தது.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் விடுபட்டவர்களுக்கும் சாவி கொடுத்தார்கள். படமெடுக்கப் போனேன். மாமா சாவியை வாங்கிக்கொண்டு, தன் அக்கரைப்பற்று மருமகனிடம் என்னைக் காட்டினார்.

"இவர்தான் ஹஸீனாவ முடிக்க இரிந்தவர். எங்கட வீடு பிந்துமெண்டு வேற கிரகத்தில குடியேறிட்டார்."

அந்தக் குடும்பத்தில் பெருநாளுக்குப் பெருநாள் இது இன்னும் சொல்லப்படுகிறதாம். அன்று, இடுப்பில் குழந்தையோடு நின்ற ஹஸீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் முதலில் சிரித்தது அவள்தான்.