நாலு கோரும் ஆடி மாசமும்

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவெடுத்தேன். கம்ப்யூட்டரில் அதிசயம் ஒன்றும் இல்லை. என் வீட்டில் நான் முடிவெடுத்தேன் பாருங்கள், அதுதான் அதிசயம்.

வெளியே சொன்ன காரணம் வேறு. என் மனைவி பூர்ணிமா போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பமும் வீடியோ மிக்ஸிங்கும் செய்கிறாள். பாவம், இனி வீட்டிலிருந்தே செய்யட்டும்! உள்ளே இருந்த காரணம், கார் ரேஸ். மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்க்கும் ராஜாங்கத்தின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். முதலியார்பேட்டைக்குள் ஸ்கூட்டரில் இருபதைத் தாண்டாத நான், அங்கே முன்னூறில் பறந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"உனக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூர்ணிமா முதல் தடவையே சரி என்றது எங்கள் கல்யாணத்துக்கு மட்டும்தான். அப்போதும் சொன்னது அவள் அப்பா.

"இன்னா, உடனே சரின்னுட்ட?"

"லேட்டா சொல்லட்டுமா?"

அன்று முழுக்க அவளையே கவனித்தேன். குழம்பு வைத்தாள், துணி மடித்தாள், சீரியல் பார்த்தாள். எல்லாம் வழக்கம்போலவே இருந்தது. அதனால் என் சந்தேகம் இன்னும் பலத்தது.

முன்னெச்சரிக்கையாக, நேரு வீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் விஜயராகவனைத் தனியாகப் போய்ப் பார்த்தேன்.

"கேமுக்குன்னா ரெண்டு கோர் பிராசசர் போதும் சார்" என்றார். "ரெண்டே ஆளு, ஆனா ஓட்டக்காரனுங்க. நாலு கோர்ல ஒவ்வொருத்தனும் கொஞ்சம் நிதானம். ஆனா நாலு பேரும் வேலையப் பங்கு போட்டுக்குவான். மிக்ஸிங்குக்கு அதான் சரி."

"நாளைக்கு என் சம்சாரம் வருவா. மிக்ஸிங்குக்கும் ரெண்டுதான் ஒசத்தின்னு சொல்லிடுங்க."

"பாவம் சார்."

"பாவத்துல பாதி எனக்கு."

மறுநாள் அவர் ஒப்பித்ததைப் பூர்ணிமா பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணே, எங்க ஸ்டுடியோவுக்கு மிஷின் போட்டுக் குடுத்தது நீங்கதானே? அன்னிக்கு மிக்ஸிங்குன்னா நாலு கோர்தான்னு அடிச்சி சொன்னீங்க?"

விஜயராகவன் மேலே ஓடும் ஃபேனை முதல்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கேமுக்கு ரெண்டுதான் நல்லது!" என்று கத்திவிட்டேன்.

"யாரு வெளையாட?"

"பொதுவா... பொதுவா சொன்னேன்."

இடி விழும் என்று தலையைக் குனிந்தேன். விழவில்லை. அவள் சிரித்தாள்.

"நாலு கோர்லயும் காரு ஓடும்ல அண்ணே?"

"ஓடும்மா. ஒரு நூல் கம்மியா ஓடும்."

நான் கார் என்று சொல்லவே இல்லையே! "காருன்னு உனக்கு யாரு சொன்னது?"

"தூக்கத்துல கியர் மாத்துறீங்களே. அண்ணே, நாலே குடுங்க" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "எனக்கு வேலை ஓடுறப்ப நீங்க கை வெக்கக் கூடாது. வேலை இல்லாத நாளெல்லாம் உங்களுது. அடுத்த வாரம் ஆடி பொறக்குது. ஆடியில ஏதுங்க கல்யாணம்? மாசம் பூரா ஓட்டுங்க. அண்ணன்தான் சாட்சி."

உடனே ஒப்புக்கொள்வேனா? வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டினேன். ஆடியில் ஒரு முகூர்த்தம்கூட இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். அங்கேயும் இல்லை. அப்பாவிப் பெண்ணைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகிவிட்டது. நாலு கோருக்கே முன்பணம் கட்டினேன். வரும் வழியில் அவளுக்கு மல்லிகைப்பூவும் வாங்கினேன்.

ஆடி முதல் தேதி. லீவு போட்டேன். தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, புதுக் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன். எஞ்சின் உறுமியது. பச்சை விளக்கு விழப்போகும் நேரத்தில் வாசலில் மணி அடித்தது.

அரைக்கால் சட்டையும் சென்ட் வாசனையுமாக ஒருவர் நின்றிருந்தார்.

"போன்ழூர் மிசியே! பூர்ணிமா இருக்காங்களா? நான் தேவதாஸ். லீவுக்குப் பாரீஸ்லேர்ந்து வந்திருக்கோம்."

கையில் பை நிறைய வீடியோ கேசட். போன சனிக்கிழமை மாதா கோயிலில் அவர் அண்ணன் மகள் கல்யாணமாம். ஞாயிற்றுக்கிழமை சின்னவளுக்குப் புதுநன்மையாம், கோயிலில் முதல் அப்பம் வாங்கும் விழா. பின்னாலேயே வந்து நின்ற காரிலிருந்து இன்னும் இரண்டு குடும்பம் பைகளோடு இறங்கியது.

"ஆகஸ்டு முடியற வரைக்கும் வாரா வாரம் எங்க ஆளுங்க வீட்டுல விசேஷம்தான்" என்றார் தேவதாஸ் பூரிப்போடு.

ஜூலை பிறந்தால், பிரான்சில் குடியேறிய நம்மாட்கள் லீவுக்கு ஊர் வந்து சேர்வார்கள் என்பது, ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் பால்காரருக்குக்கூடத் தெரியும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் காலண்டரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சார், இது ஆடி மாசம்..." என்றேன் பரிதாபமாக.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்த பூர்ணிமா, என் நாற்காலியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பாரீசுக்கு ஏதுங்க ஆடி?"